உள்ளளவு ஒன்பது அங்குலம்

மார்ச் 4

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'அன்புள்ள' என்று போட்டால் பொய்யாகிவிடும். மொட்டையாக எழுதினால் அதற்கும் ஒரு குறை சொல்வீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவன் கார் வாங்கிய செய்தி உங்கள் தம்பி மூலமாக உங்கள் காதுக்கு வந்திருக்கும். நாலு கை மாறிய சின்ன கார். ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் எவனிடமிருந்தோ நான்கு அலாய் வீல் வாங்கிவந்து என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருக்கிறான். காரில் இருப்பதைவிட உயரம், அகலமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடக்க இடமில்லை. துணி வெட்டுகிறவள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும் போல.

அதற்கு என்ன டயர் போடுவது என்பதுதான் இப்போது வீட்டில் சண்டை. அவன் கூட்டாளிகள் அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டி ஓட்டுகிறார்கள். டயரின் பக்கச்சுவர் சாய்ந்து நிற்பதுதான் அழகாம். இவனுக்கும் அந்த ஆசை இருக்கிறது. நான் சொன்னால், உனக்குத் தைக்கத்தான் தெரியும் என்கிறான். தினமும் விடியும் முன்னே சின்னவளை அந்தக் காரில்தான் பேக்கரியில் கொண்டுபோய் விடுகிறான். அவள் உட்காரும் வண்டி அது. எனக்கு அந்த ஒரு கவலைதான்.

அவன் உங்களிடம் கேட்க மாட்டான். பதினேழு வயதுப் பையனைப் பட்டறையில் அத்தனை பேர் பார்க்க ஃபேன் பெல்ட்டால் அடித்தீர்கள். அன்றிலிருந்து உங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உங்களை வெளியே போகச் சொன்னதற்கு இன்றுவரை எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் டயர் விஷயத்தில் உங்களைத் தவிர வேறு யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

ரிம்மின் பின்னால் அளவு போட்டிருக்கும் என்பீர்கள். தேடினேன். யாரோ கறுப்புப் பெயின்ட்டைத் தோசை மாவு போல அப்பிவைத்திருக்கிறார்கள். பதினேழு என்பது மட்டும் தெரிகிறது, அதற்குப் பின்னால் உள்ளது அடைந்துபோயிருக்கிறது. அகலத்தை நானே அளந்தேன். ஒன்பது அங்குலம். காரில் இப்போது இருக்கிற டயரில் 175/65 R14 என்று எழுதியிருக்கிறது.

போன் செய்ய வேண்டாம். பேசினால் இரண்டாவது வார்த்தையில் சண்டை வந்துவிடும். டயர் சைஸ் மட்டும் எழுதினால் போதும், வேறு விஷயம் எதுவும் வேண்டாம்.

பிள்ளைகளின் அம்மா


மார்ச் 11

பெரியவன் அம்மாவுக்கு,

கவர் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். பிரிக்கக் கை வரவில்லை. கூட வேலை செய்கிறவன்தான் பிரித்துக் கொடுத்தான். டயர் சைஸ் என்று படித்ததும் சிரித்தேன். இங்கே கல் குவாரி லாரிகளின் டயர்தான் எனக்கு வேலை. ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு நிற்கும். கார் டயரைத் தொட்டு எவ்வளவோ காலமாகிறது, ஆனால் மறக்கிற விஷயமா அது.

கேட்டுக்கொள். டயரின் பக்கவாட்டில் மூன்று எண் இருக்கும். முதலாவது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குறைய வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் மொத்த உயரம் பழையபடி நிற்கும். இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், வளைத்தால் டயர் மட்கார்டில் உரசும். இதெல்லாம் ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். பையன்கள் கோட்டை விடுவது ரிம்மின் அகலத்தில்தான். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குல அகலத்திலிருந்து இத்தனை வரை என்று செய்கிறவன் வரம்பு வைத்திருக்கிறான். அதைத் தாண்டி இழுத்து மாட்டினால் டயரின் விளிம்பு ரிம்மின் உதட்டில் சரியாக உட்காராது. நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில் ஒரு பக்கமாகப் பாரம் விழும்போது கழன்றுவிடும்.

உன் பாஷையில் சொன்னால், நாற்பது கழுத்துக்கு முப்பத்தாறு காலரை இழுத்துப் பட்டன் போடுகிற கதை. நிற்கிற வரைக்கும் நிற்கும்.

உன் அளவை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். உன் டேப்பை எனக்குத் தெரியாதா? நீ தைத்த சட்டையில் எனக்குத் துணையாக இன்னொரு ஆளும் குடியிருக்கலாம்.

205/40 R17. இதுதான் சைஸ். பழைய டயரின் உயரத்துக்கும் இதற்கும் ஒரு விரல்கடை வித்தியாசம்தான் வரும். அந்த ரிம்மில் சரியாக உட்காரும். சின்னவளை நிம்மதியாக அனுப்பலாம்.

ஒன்று மட்டும் பெரியவனிடம் சொல். கடைக்காரன் தன்னிடம் இருப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பான். அது ஆகாது, இது நிற்காது என்று ஏதாவது சொல்வான். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நான் எழுதிய எண்ணைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது.

வேறு விஷயம் எழுதக் கூடாது என்றாய், எழுதவில்லை. சின்னவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பது வேறு விஷயத்தில் சேருமா என்று தெரியவில்லை.

பிள்ளைகளின் அப்பா


மார்ச் 20

உங்கள் கடிதம் வந்தது. மிஷின் மேல் வைத்திருந்தேன். பெரியவன் வந்து நின்றபடியே படித்தான். பிறகு இரண்டாவது தடவையும் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான், திருப்பித் தரவில்லை.

நேற்று டயர் மாட்டியாகிவிட்டது. அந்தக் கடையில் ஏதோ வாய்த்தகராறு போல. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். என்னடா என்றேன். "அப்பா சொன்னதைத்தான் போட்டேன்" என்றான். அவன் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? நான் கேட்காத மாதிரி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். இதைப் படித்துவிட்டு ரொம்பவும் குளிர்ந்துவிட வேண்டாம்.

சின்னவள் நன்றாக இருக்கிறாள். வாய் மட்டும் உங்கள் அம்மா வீட்டு வாய். உங்களுக்கு எழுதுகிறேன் என்றதும் இதைச் சொல்லச் சொன்னாள்: "வண்டி இப்போ ஷூ மாட்டுன கோழி மாதிரி இருக்குன்னு அப்பாகிட்ட எழுதும்மா." அவன் இரண்டு மணி நேரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவனே போய்த் துடைக்கத் துணி கேட்டான்.

உதவிக்கு நன்றி. இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

பிள்ளைகளின் அம்மா


ஏப்ரல் 2

பெரியவன் அம்மாவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதே, டயர் விஷயம்தான். பக்கச்சுவர் குறைந்த டயர் என்பதால் காற்று கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். முப்பத்தாறு வைக்கச் சொல். குழியைப் பார்த்தால் ஒதுங்கிப் போகச் சொல். கொஞ்சம் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு தரம் இறுக்க வேண்டும், பையன்கள் அதை மறந்துவிடுவார்கள்.

ஷூ மாட்டின கோழி என்பதைக் குவாரியில் எல்லாரிடமும் சொன்னேன். கிரேன் ஓட்டுகிறவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அடுத்த மாதம் எனக்குக் கொஞ்சம் லீவு கிடைக்கும். வரட்டுமா என்று கேட்கவில்லை. லீவு கிடைக்கும் என்று மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் அப்பா


மே 19

குவாரிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் என்ன நடந்தது என்றே நினைவில்லை.

சின்னவளைத் தூக்கி முடித்த கையோடு உன் அக்கா என்னிடம் வந்து, தங்கச்சி உங்களைப் பார்க்க விரும்பவில்லை, கிளம்புங்கள் என்றாள். கிளம்பிவிட்டேன். உன் மேல் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியவனைப் பார்க்க நினைத்தேன். வாசலில் போலீஸ்காரர் இருந்தார். அப்பா என்று சொன்னேன், விட்டார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். காலில் கட்டுப் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

சின்னவள் முகத்தை மூடியே வைத்திருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்குத் தெரிந்த முகம் அந்த ஒன்றுதான். பெரிய பெண்ணாக ஆன முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. ஒரு போட்டோ இருந்தால் அனுப்பு.

நீ சாப்பிடு. பெரியவன் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.


மே 30

கவருக்குள் போட்டோ வைத்திருக்கிறேன், பேக்கரி உடுப்போடு எடுத்தது. அந்த உடுப்பு நான் தைத்தது.

பெரியவன் கால் சேர்ந்துவிடும் என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. தட்டில் சோறு போட்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க முடியவில்லை. அவன்தான் கொன்றான். வேறு எப்படிச் சொல்வது? போலீஸில் அவனே எழுதிக் கொடுத்துவிட்டான், வேகமாகப் போனேன், வளைவில் பிடி விட்டுப்போயிற்று என்று. யாரும் அடித்துக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. கேட்ட உடனே சொன்னானாம். வக்கீல் அவனிடம், ஏம்பா எதற்கும் கொஞ்சம் யோசித்துச் சொல் என்றாராம். யோசிக்க ஒன்றும் இல்லை என்றானாம். அந்த வளைவில் இருக்கிற கோடவுன் சுவரில் அவள் பக்கம்தான் மோதியிருக்கிறது. அவனுக்குக் கால் மட்டும்.

நேற்று நான் வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அவளுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்டா." அவன் ஆமாம்மா என்றான். எனக்கு அவனை இன்னும் அடிக்க வேண்டும் போல இருந்தது.

உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டயர் வெடிக்கவில்லை. போலீஸ் வளாகத்தில் அந்தக் காரைக் காட்டினார்கள், அவளுடைய பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி. அவள் பக்கத்து முன் டயர் ரிம்மிலிருந்து உருவி முழுசாகக் கிடந்தது. ஒரு கிழிசல் இல்லை, வெட்டு இல்லை. புதுசு போல இருந்தது. டயரை அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்தான், வாரம் தவறாமல் காற்றுக் குறைகிறது என்று போய்ப் பிடித்துக்கொண்டு வருவான். அந்த அக்கறையில் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற காலுக்கும் இருந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பாள்.

கேஸ் ஜூலையில் வருகிறது.


ஜூன் 8

நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்காதே.

இன்னொரு தரம் அந்தக் காரைப் போய்ப் பார். டயர் உருவிக் கிடக்கிற அந்த ரிம் இப்போது வெறுமையாகத்தான் இருக்கும். அதன் அகலத்தை டேப் வைத்து அள. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளந்தாய் என்பதையும் எழுது. முதலில் மார்ச்சில் அளந்தாயே, அப்போது எங்கிருந்து எங்கே அளந்தாய் என்பதையும் நினைவுபடுத்தி எழுது. உன் வழக்கப்படி எதையும் கூட்ட வேண்டாம், டேப் என்ன காட்டுகிறதோ அதை மட்டும்.

நான் மறுபடி எழுதுகிற வரைக்கும் பெரியவனை ஒன்றும் சொல்லாதே. திட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.


ஜூன் 15

போனேன். அங்கே இருந்த போலீஸ்காரர், என்னம்மா காருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா என்றார். பிறகு நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார்.

ஒன்பது அங்குலம். அன்றைக்கும் ஒன்பது, இன்றைக்கும் ஒன்பது. இரும்பா வளரும்?

எங்கிருந்து எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். உள்பக்கமாக, டயரின் விளிம்பு வந்து உட்கார்கிற இடத்திலிருந்து அந்தப் பக்கம் உட்கார்கிற இடம் வரைக்கும். வெளி உதட்டிலிருந்து வெளி உதடு வரைக்கும் வைத்தால் பத்து வருகிறது. அது தப்பான அளவு, ஊரில் எல்லாரும் அப்படித்தான் அளந்து ஏமாறுகிறார்கள் என்று நீங்களே சொல்லிக்கொடுத்தது. கல்யாணமான புதிதில் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவருவேனே, அப்போது ஒரு நாள் ரிம்மை என் மடியில் வைத்துக் காட்டினீர்கள். என் புடவையெல்லாம் கிரீஸ் ஆயிற்று. எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்குத்தான் இல்லை போல.

'உன் வழக்கப்படி கூட்ட வேண்டாம்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். துணிக்கு அளவு எழுதும்போது லூஸுக்கு ஒரு அங்குலம் சேர்த்தே எழுதுகிற பழக்கம் எனக்கு இருந்தது, உண்மைதான். நீங்கள் கேலி செய்து செய்து அதை விட்டு வருஷக்கணக்காகிறது. இப்போது உடம்பு அளவைத் தனியாகவும் லூஸைத் தனியாகவும்தான் எழுதுகிறேன். அப்படியே பழக்கம் இருந்தாலும், என் பிள்ளை உட்காருகிற காருக்கா லூஸ் விட்டு அளப்பேன்?

எதற்கு இதெல்லாம்? சொல்லுங்கள்.


ஜூன் 22

சொல்கிறேன். இதை முதலில் நீ படி. பிறகு பெரியவனிடம் சத்தமாகப் படித்துக் காட்டு.

நீ ஒன்பது என்று எழுதினாய். நான் எட்டு என்று எடுத்துக்கொண்டேன். டேப்பைக் கையில் எடுக்கிற யாரும் வெளி உதட்டோடு உதடு வைத்துத்தான் அளப்பார்கள், நீயும் அப்படித்தான் அளந்திருப்பாய், அதில் ஒரு அங்குலம் கூட வரும் என்று நினைத்தேன். அப்படி இல்லாவிட்டாலும் லூஸுக்கு ஒரு அங்குலம் சேர்த்திருப்பாய், எப்படிப் பார்த்தாலும் எட்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன். உன்னைக் கேட்கக்கூட இல்லை. ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். உன்னைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. சிரித்துக்கொண்டே கழித்தேன்.

205/40 என்கிற டயருக்கு ரிம்மின் அகலம் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு வரை இருக்கலாம். ஒன்பது ஆகாது. ஒன்பதில் மாட்டினால் நான் உனக்கு எழுதினேனே, இழுத்து மாட்டுகிற பையன்களைப் பற்றி, அதேதான். விளிம்பு உதட்டில் முழுசாக உட்காராததால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். வாரம் தவறாமல் காற்று பிடித்தான் என்று எழுதியிருக்கிறாய். அது அவனுடைய டயர் சொன்ன எச்சரிக்கை, என் காதுக்கு வராமல் போயிற்று. காற்றுக் கொஞ்சம் குறைந்த நிலையில் வளைவில் பாரம் ஒரு பக்கமாக விழுந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், ஒரு கிழிசல்கூட இல்லாமல். நீ பார்த்தது அதைத்தான். வேகமாகப் போக வேண்டும் என்று இல்லை. நடுத்தரமாகப் போனாலும் நடக்கும்.

உன் ஒன்பதை நான் ஒன்பது என்றே நம்பியிருந்தால் டயர் சைஸே எழுதியிருக்க மாட்டேன். ஒன்பது அங்குல ரிம்முக்குத் தகுந்த டயர் அந்தக் காரின் மட்கார்டுக்குள் அடங்காது. வீலைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

பெரியவன் கொல்லவில்லை. நீயும் இல்லை. நீ சரியாக அளந்தாய், அவன் சொன்னபடி செய்தான். நான்தான்.

அவன் வேகமாகப் போனேன் என்று ஏன் எழுதிக் கொடுத்தான் என்று எனக்குப் புரியவில்லை. அடிபட்ட அதிர்ச்சியில் தன் மேலேயே சந்தேகம் வந்திருக்கலாம். வக்கீலைப் பார்த்து அதை மாற்றச் சொல். ரிம்மை எடுத்து அளக்கச் சொல்லி மனுக் கொடுக்கட்டும். நான் வந்து எந்த இடத்தில் வேண்டுமானாலும் சொல்கிறேன், என் வாயால் கொடுத்த சைஸ் என்று. எனக்கு என்ன ஆனாலும் சரி.

இனி அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போடு.


ஜூலை 9

உங்கள் கடிதம் வந்த அன்று அவன் வீட்டில் இல்லை. கேஸை முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். அவன் நீதிபதி முன்னால் ஊன்றுகோலோடு நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான். இரண்டு வருஷம். நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. மிஷினில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டையோ மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கதவருகில் நின்று போயிட்டு வரேம்மா என்றான். நான் நிமிரவில்லை.

அடுத்த நாள் தபாலில் உங்களுடையது. படித்தேன். உங்களைத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன், அதற்குக்கூடத் தெம்பு வரவில்லை. அவனிடம் நான் சொன்ன வார்த்தைதான் காதுக்குள் நின்றது.

நேற்று பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பி வலை, அந்தப் பக்கம் அவன். ஊன்றுகோலை வாங்கி வைத்துவிட்டார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை எனக்கு. உங்கள் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே. பக்கத்தில் இருந்த மற்றவர்களும் கேட்டிருப்பார்கள். படித்து முடிக்கிற வரைக்கும் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா" என்றான். "மாட்டுறப்பவே கடைக்காரர் சொன்னாரு. தம்பி, இது ஒன்பது ரிம்மு, இந்த டயர் இதுல நிக்காதுன்னு. முடியாதுன்னே சொன்னாரு. நான்தான் சண்டை போட்டு மாட்ட வச்சேன்."

ஏன்டா என்று கேட்டேன்.

"அப்பா எழுதியிருந்தாருல்ல."

வேகமாகப் போனாயா என்று கேட்டேன். இல்லை என்றான். சின்னவள் டீ ஃபிளாஸ்க்கைத் திறந்து மடியில் வைத்திருந்தாளாம். குலுக்கினால் சிந்தும், அவள் திட்டுவாள் என்று உருட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான். வளைவில் ஸ்டீயரிங் கையை விட்டுப் போனபோதே டயர்தான் என்று தெரிந்துவிட்டதாம். மெதுவாகத்தான் போனேன் என்று போலீஸில் சொல்லியிருந்தால் டயரைப் பிரித்துப் பார்ப்பார்கள், யார் சொன்ன சைஸ் என்று கேட்பார்கள் என்றான். பிறகு சொன்னான்: "இத்தனை வருஷத்துல அவரு எனக்குன்னு சொன்னது அது ஒண்ணுதாம்மா. அதுவும் தப்புன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

நீங்கள் வந்து சாட்சி சொல்வதாக எழுதியிருப்பதைச் சொன்னேன். வேண்டாம் என்கிறான். நீங்கள் வந்து சொன்னால், அவர் பொய் சொல்கிறார், சைஸ் கூட்டாளி ஒருத்தன் சொன்னது என்று மறுத்துவிடுவானாம். பிடிவாதத்தில் அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறான். நீங்கள் அதைக் கேட்காமல் வாருங்கள். வக்கீலிடம் நான் பேசிவிட்டேன், அப்பீலுக்கு வழி இருக்கிறது என்கிறார். ரிம்மை அங்கிருந்து நகர்த்தக் கூடாது என்று எழுதியும் கொடுத்தாயிற்று. வந்தால் இங்கேயே தங்கிக்கொள்ளலாம். சின்னவள் கட்டில் இருக்கிறது. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம், உங்களை மன்னிக்க இப்போதைக்கு என்னால் முடியாது.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து தட்டினார். அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று கேட்டான், அந்தக் கடிதத்தில் அப்பா எனக்கென்று தனியாக ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று.

நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தனிக் காகிதத்தில் இருக்கிறது, அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுதி அனுப்புங்கள்.